தேதி போடாத வேலை

வேலையில் சேர்ந்த முதல் வாரம் மேனேஜரிடம் கேட்டேன், "இதை எப்போது முடிக்கணும்?" அவர் திரையிலிருந்து முகத்தைத் திருப்பாமல், "திரக்கொன்னுமில்ல" என்றார். அவசரம் ஒன்றும் இல்லை என்பதற்கு மலையாளம். அந்தக் குரலில் அலட்சியம் இல்லை. பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம் மெதுவாகச் சாப்பிடுங்கள் என்று சொல்வது போன்ற கனிவுதான் இருந்தது. பொறியியல் கல்லூரியில் நான்கு வருடமும் ஒப்படைக்கும் தேதிகளுக்கு நடுவே மூச்சைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் நான். தேதியே இல்லாத வேலை ஒரு விடுமுறை மாதிரித் தோன்றியது.

அதே சொல்லை அவர் அதன்பின் வாராவாரம் சொன்னார். இரண்டாம் வருடம் முடியும்போது, அவர் அதைச் சொல்லி முடிப்பதற்குள் நான் எழுந்து போகத் தொடங்கியிருந்தேன்.

வேலை இதுதான். கடல் கடந்த ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் பழைய பாலிசிக் கணக்குகள் ஒரு பழைய மென்பொருளில் இருந்தன. புதிய மென்பொருள் வந்து, கணக்குகள் எல்லாம் அதற்கு மாறி, பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆனாலும் பழையதை நிறுத்தவில்லை. எதற்காவது தேவைப்பட்டால் என்ன செய்வது என்று யாரோ ஒருவர் ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்திருக்கிறது. அந்த 'எதற்காவது' வந்து சேரும் வரை பழைய மென்பொருளை உயிரோடு வைத்திருப்பதற்காக எங்கள் கம்பெனிக்கு ஒப்பந்தம். கழக்கூட்டத்து ஐ.டி. வளாகத்தில், ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் இரண்டாம் மாடியில், அதைப் பார்த்துக்கொண்டது நானும், நாகர்கோவிலிலிருந்து தினமும் ரயிலில் வந்து போகும் ஓர் அக்காவும். அக்காவுக்கு வேறு புராஜெக்டிலும் பாதி வேலை உண்டு. எனக்கு இது மட்டும்தான்.

சேரும்போதே மேனேஜர் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். இந்தப் பழைய மென்பொருளை எப்படியும் சீக்கிரம் மூடிவிடுவார்கள். மூடியதும் உன்னை மேலே அனுப்புகிறேன். மேலே என்றால் நான்காம் மாடி. செயற்கைக்கோள்கள் அனுப்பும் தகவலைத் தரையில் வாங்கிப் பிரிக்கும் மென்பொருளை அங்கே எழுதுகிறார்கள். ராக்கெட் ஆராய்ச்சி நிலையம் இருக்கும் எங்கள் ஊரில் ராக்கெட் ஒன்றும் அதிசயம் இல்லை. கரமனையில் எங்கள் தெருவிலேயே வீட்டு வாசலில் கோலம் காய்வதற்குள் ராக்கெட் ஆபீஸ் பஸ் வந்து நிற்கும். எனக்கு அந்த மாடியில் பிடித்தது சுவரில் மாட்டியிருந்த கடிகாரம். அடுத்த செயற்கைக்கோள் தொடுவானத்துக்கு மேலே வர எவ்வளவு நேரம், வந்தபின் மறைய எவ்வளவு நேரம் என்று எண்கள் குறைந்துகொண்டே போகும். அது தலைக்கு மேல் இருக்கிற சில நிமிடங்களுக்குள் வாங்க வேண்டியதை வாங்கிவிட வேண்டும். தவறவிட்டால் அது திரும்பி வரும் வரை காத்திருக்க வேண்டியதுதான். யாரும் அதனிடம் அவசரமில்லை என்று சொல்ல முடியாது. மதியச் சாப்பாட்டுக்குப் பின் நான் படியேறிப் போய், தண்ணீர் பிடிக்கிற சாக்கில் அந்தக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வருவேன்.

வாரத்தில் இரண்டு நாள் அலுவலகம், மற்ற நாட்களில் வீட்டிலிருந்து வேலை. எங்கள் வீடு அக்ரகாரத்து வரிசை வீடு. சுவருக்குச் சுவர் ஒட்டி, வாசலிலிருந்து கொல்லை வரை ரயில் பெட்டி மாதிரி நீளும். நடு அறையில் என் மேஜை. வாசலிலிருந்து சமையலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் என் நாற்காலியை உரசிக்கொண்டுதான் போக வேண்டும். அப்பா சாலைத் தெருவில் இருக்கும் பாத்திரக் கடைக்குக் கிளம்பிய பின் வீட்டில் அம்மாவும் நானும்தான்.

"கேஸ் வரும்டீ. நீ ஆத்துலதானே இருக்காய், வாங்கி வெச்சுடு."

"எனக்கு வேலை இருக்கும்மா."

"எப்போ முடிச்சுக் குடுக்கணும்?"

எனக்குப் பொய் சொல்ல வராது. "எப்ப வேணும்னாலும்."

"அப்போ என்ன? கேஸும் வாங்கு, அடுத்தாத்து மாமிக்குப் போன்ல என்னமோ நின்னு போயிருக்காம், அதையும் ஒண்ணு பாத்துடு. பாவம், பையன் துபாய்லேர்ந்து கூப்பிட்டா எடுக்க முடியலையாம், கேட்டியோ."

தேதி இல்லாத வேலையைப் பற்றி நான் முதலில் புரிந்துகொண்டது இதுதான். அதில் செலவாகும் நேரம் எனக்குச் சொந்தமில்லை. தேதி இருந்தால் அதைக் கதவு மாதிரிச் சாத்திக்கொள்ளலாம். தேதி இல்லாவிட்டால் தெருவே உள்ளே வந்து உட்காரும். மின்கட்டணம், ரயில் டிக்கெட், கோயில் கமிட்டியின் வாட்ஸாப் குழுவில் தவறாகப் போன படம், எல்லாவற்றுக்கும் நான். எனக்கு வேலை இல்லை என்று யாரும் சொல்லவில்லை. அவசரம் இல்லை என்று மட்டும் சொன்னார்கள்.

இரண்டாவதாகப் புரிந்துகொண்டது இன்னும் மோசம். எனக்கே என் வேலை அவசரமாகத் தோன்றவில்லை. காலையில் ஒரு பிழையைத் திருத்த உட்காருவேன். அதை இன்றைக்குத் திருத்தினாலும், அடுத்த மாதம் திருத்தினாலும், திருத்தாமலே விட்டாலும் உலகத்தில் ஒருவருக்கும் வித்தியாசம் தெரியாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். கை விசைப்பலகையில் இருக்கும். மனம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தூரத்தில் நிற்கும். வேலைக்கு ஊக்கம் வரவைக்க இணையத்தில் சொல்லும் வழிகள் அத்தனையையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செய்து பார்த்தேன். பெரிய வேலையைச் சிறு துண்டுகளாக்குவது, முடித்த துண்டுக்கு டிக் போடுவது, டிக் போட்டால் ஒரு கடலைமிட்டாய். எடை கூடியது.

அப்போதுதான் படங்கள் வந்தன. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே எனக்கு அறிவியல் புனைவுப் படங்கள் பைத்தியம். விண்வெளி, காலப் பயணம், பேசும் இயந்திரங்கள், எதுவானாலும் சரி. பார்த்த படங்களை நான்கு வகையாகப் பிரித்து ஒரு பட்டியலே வைத்திருந்தேன். ஒரு நாள் வேலை ஓடாத எரிச்சலில், பல தடவை பார்த்த ஒரு படத்தை இரண்டாவது திரையில் சத்தம் குறைத்து ஓடவிட்டேன். தனியாக மாட்டிக்கொண்ட ஒருவன், பழுதான கலம், குறைந்துகொண்டே வரும் பிராணவாயு. எந்த இடத்தில் எது நடக்கும் என்று எனக்கு அத்துப்படி. அவனுக்கு முதல் சிலிண்டர் தீர்வதற்குள் இந்தப் பிழையைத் திருத்திவிடலாமே என்று விளையாட்டாகத் தோன்றியது. திருத்திவிட்டேன். அவன் வெளிக்கதவைத் திறப்பதற்குள் அடுத்தது. அதையும் முடித்தேன். பல மாதங்களாக அசையாமல் கிடந்த வேலை அன்று ஒரே பகலில் நகர்ந்தது.

அதன்பின் படங்கள்தான் என் கடிகாரம். பார்க்காத படம் உதவாது. அது கவனத்தைத் தின்றுவிடும். ஏற்கெனவே பார்த்தது, பல தடவை பார்த்தது, அதுதான் வேண்டும். சின்ன வேலைக்குக் கலத்தின் ஓட்டைக்கு ஒட்டுப் போடும் காட்சி, பெரிய வேலைக்கு முழுப் பயணம். வெடிக்கப்போகும் கிரகம் இருக்கிற படம் வெள்ளிக்கிழமைக்கு.

அம்மா நாற்காலியை உரசிக்கொண்டு போகும்போதெல்லாம் திரையில் அதே ஆள். கையில் காப்பியோடு ஒரு நாள் நின்றுவிட்டாள்.

"இந்தப் பாவம் இன்னும் ஆத்துக்குப் போய்ச் சேரலையா?"

"சேந்துட்டான்மா. இது திரும்பப் பாக்கறது."

"திரும்பப் பாக்கறதுன்னா? ஆத்துக்கு வந்தவனை மறுபடியும் கொண்டு போய் அங்க விட்டியாக்கும்? அவனுக்கு அம்மா இல்லையா?"

அலுவலக நாட்களில் அக்காவும் விடமாட்டாள். ரயில் தாமதமானால் தம்பானூர் ரயில் நிலையத்தில் இறங்கி, கழக்கூட்டம் போகிற வண்டியைத் தவறவிட்டு, பஸ்ஸில் நசுங்கி, கசங்கிய துப்பட்டாவோடு வந்து உட்காருவாள். உட்கார்ந்ததும் என் திரையைப் பார்ப்பாள். "ஏட்டி, நேத்தும் இவன்தானே தொங்கிட்டு நின்னான்? பயப்படாண்டாம், இன்னைக்கும் பொழைச்சிருவான்."

அவள் விளையாட்டாகச் சொன்னதுதான் கடைசியில் கெடுத்தது. அவன் பிழைத்துவிடுவான். எனக்கும் தெரியும். தெரிந்தும் இத்தனை நாள் என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருந்தது, மழைக்காலம் முடிவதற்குள் நின்றுபோனது. பிராணவாயு குறையும், நான் சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பேன். கிரகம் வெடிக்கும், நான் எழுந்துபோய்த் தோசைக்கல்லைத் துடைப்பேன். அவனுக்காவது வெளியே போக ஒரு கதவு இருந்தது.

அதனால் தேதிகளை நானே உண்டாக்க முடிவு செய்தேன்.

எங்கள் வேலைகளை எல்லாம் ஒரு இணையக் கருவியில் பதிவு செய்வோம். ஒவ்வொரு வேலையும் ஒரு டிக்கெட். டிக்கெட்டில் முடிக்க வேண்டிய நாள் என்று ஒரு கட்டம் இருக்கும். எங்கள் புராஜெக்டில் அந்தக் கட்டத்தை யாரும் நிரப்பியதே இல்லை. நான் நிரப்பத் தொடங்கினேன். கால் நூற்றாண்டுப் பழசான அந்த மென்பொருளை நான்கு கட்டமாகச் சுத்தம் செய்வதாகத் திட்டம். முதல் கட்டத்தில் பழைய பிழைகள். இரண்டாவதில் வேகம். மூன்றாவதில் காப்பு நகல்கள். நான்காவது வெகு தூரத்தில் இருந்தது. அங்கே என்ன செய்வேன் என்று எனக்கே தெளிவில்லை, ஆனாலும் தேதி போட்டேன். பொய்த் தேதி என்று தெரியாதபடிக்கு, ஓணம் விடுமுறையையும் சபரிமலை சீசனில் ஆள் குறைவதையும்கூடக் கழித்துப் போட்டேன்.

சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது வேலை செய்தது. நாள் நெருங்கி ஒரு டிக்கெட் திரையில் சிவப்பாக மாறினால் நாற்காலியை விட்டு எழ மாட்டேன். அதை முடித்துப் பச்சையாக்கியபோது வந்த நிம்மதி உண்மையானது. அம்மாவிடம், "புதன்கிழமைக்குள்ள குடுக்கணும்மா" என்று சொல்ல முடிந்தது. அவள் உடனே குரலைத் தாழ்த்தி, வாசலில் வந்து நின்ற மாமியை, "அவளுக்கு டெட்லைனாம், அப்புறமா வாங்கோ" என்று திருப்பி அனுப்பினாள். இரண்டு வருடத்தில் முதல்முறையாக எனக்குக் கதவு சாத்திய ஓர் அறை கிடைத்தது. அந்த மாதங்களில் நான் நன்றாக வேலை செய்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அதன் விளைவு என்ன என்று சொல்லப் போகிறேன், அதனால் சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமைதோறும் அந்தக் கருவி தானாகவே ஓர் அறிக்கை தயாரித்து வாடிக்கையாளருக்கு அனுப்பும். நான் சேர்வதற்கு முன்பே யாரோ அமைத்து வைத்தது. முடிக்கும் நாள் போட்ட டிக்கெட்டுகள் மட்டும் அதில் வரும்படி அமைத்திருக்கிறார்கள். எங்கள் புராஜெக்டில் எந்த டிக்கெட்டுக்கும் நாள் இல்லாததால், வருடக்கணக்கில் வெள்ளிக்கிழமைதோறும் ஒரு வெற்று அறிக்கை கடல் கடந்து போய்க்கொண்டிருந்தது. அதை அங்கே யாரும் திறக்கவில்லை. இங்கே யாருக்கும் நினைவில்லை. எனக்குத் தெரியவே தெரியாது. நான் தேதி போடத் தொடங்கிய வாரத்திலிருந்து அந்த அறிக்கை நிரம்பிப் போயிருக்கிறது. நான்கு கட்டம், ஒவ்வொன்றுக்கும் நாள், சிவப்பு, பச்சை.

ஒரு மாலை மேனேஜர் என் மேஜைக்கே வந்தார். அவர் எங்கள் பக்கம் வருவது அபூர்வம்.

"எடோ, கலக்கி!" என்றார். அசத்திவிட்டாய் என்று அர்த்தம், முகம் முழுக்கச் சிரிப்பு. வருட முடிவில் பழைய மென்பொருளை மூடிவிடலாம் என்று வாடிக்கையாளர் தரப்பில் பேசிக்கொண்டிருந்தார்களாம். அப்போது இந்த அறிக்கைகளைப் பார்த்திருக்கிறார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு திட்டம் போட்டு வேலை செய்கிறார்கள் என்றால் இது ஏதோ முக்கியமான மென்பொருளாகத்தான் இருக்க வேண்டும், நான்காம் கட்டம் முடியும் வரைக்குமாவது மூட வேண்டாம் என்று முடிவு செய்து, ஒப்பந்தத்தை நீட்டித்துவிட்டார்கள்.

"எவ்வளவு பேரு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று தெரியவில்லை.

"அது அவங்களுக்கு எதுக்கு?" என்றார்.

கேக் வாங்கினார்கள். இரண்டாம் மாடியில் எல்லாரும் கூடிக் கைதட்டினார்கள். பிளாஸ்டிக் கத்தியை என் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார்கள். நான் சிரித்தேன், எனக்கு முகத்தை நிதானமாக வைத்துக்கொள்ள எப்போதும் வரும். அக்கா மட்டும் ஓரத்தில் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டம் கலைந்த பிறகு, கேக் துண்டை டிஷ்யூவில் மடித்துத் தன் பிள்ளைக்காகப் பையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கல்லறைக்கு வெள்ளையடிச்சு, பூவும் வச்சு, சீரியல் பல்பும் போட்டு விட்டிருக்க மக்கா. இனி எவன் இடிக்க வருவான்?"

அடுத்த மாதமே நான்காம் மாடியில் ஓர் இடம் காலியானது. அந்தக் குழுவின் தலைவி என்னைத் தண்ணீர்க் குழாய் அருகே பார்த்துப் பழகியவர். நேரடியாகவே கேட்டார்: "வருகிறாயா? உன் மேனேஜரிடம் ரிலீஸ் வாங்கிக்கொண்டு வா." கம்பெனிக்குள் ஒரு குழுவிலிருந்து இன்னொன்றுக்குப் போக, இப்போதைய மேனேஜர் விடுவிக்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அதற்குப் பெயர் ரிலீஸ். அது இல்லாமல் ராஜினாமா செய்யலாம், இடம் மாற முடியாது.

நான் மேனேஜரிடம் போனேன். வாக்கை நினைவுபடுத்தினேன்.

"மூடினா அனுப்பறேன்னு சொன்னேன். மூடலியே" என்றார். பொய் இல்லை. "நாலாம் கட்டம் முடியட்டும்."

"சார், அந்தக் கட்டங்கள் நானாவே போட்டது. எனக்கு வேலை ஓடறதுக்காக. நாலாவதுல என்ன செய்யணும்னு எனக்கே தெரியாது."

 அவர் சிரித்தார், கெட்ட சிரிப்பு இல்லை. "யாருக்காகப் போட்டா என்ன? அவங்க கையெழுத்துப் போட்டாச்சு. அதுல என்ன செய்யணும்னு மெதுவா யோசி. திரக்கொன்னுமில்ல."

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் முகம் மலர்ந்துவிட்டது. "நீட்டிச்சுட்டானா? அப்போ நீ இங்கதான் இருப்பாய். நான் பயந்துண்டே இருந்தேன், எங்க பெங்களூர்னு கெளம்பிடுவியோன்னு." அன்று சாயங்காலமே பாயசம் வைத்தாள். நடு அறையில் உட்கார்ந்து அதைக் குடித்தேன். முன்னால் வாசல், பின்னால் கொல்லை, இரண்டு பக்கமும் பக்கத்து வீடுகளின் சுவர். மாமியின் வீட்டு டிவி சத்தம் என் சுவர் வழியே கேட்டது. நன்றாக இருக்கிறது பாயசம் என்று சொன்னேன். நன்றாகத்தான் இருந்தது.

அந்த நாட்களில் மறுபடியும் படங்கள் பார்த்தேன், இந்தத் தடவை வேலைக்காக இல்லை. சும்மா, பழக்கத்தில். மாட்டிக்கொண்டவனைப் பார்ப்பதை விட்டுவிட்டு ஓரத்தில் இருப்பவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தரைக் கட்டுப்பாட்டு அறையில் காதில் கருவி மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள். அவன் பூமிக்கு வந்ததும் எழுந்து கைதட்டிவிட்டு, மறுபடியும் உட்கார்ந்துகொள்கிறார்கள். அடுத்து அவர்கள் என்ன செய்கிறார்கள் என்று எந்தப் படமும் காட்டுவதில்லை. இன்னொன்றையும் கவனித்தேன். இந்தப் படங்களில் யாரும் தங்கள் ஊக்கத்துக்காக நேரம் குறிப்பதில்லை. காற்று இவ்வளவுதான் இருக்கிறது, அதனால் நேரம் இவ்வளவு. காரணம் உண்மையாக இருப்பதால் தேதியும் உண்மையாக இருக்கிறது. நான் போட்ட தேதிகளுக்குப் பின்னால் என் சலிப்பைத் தவிர ஒன்றுமில்லை. அதை வைத்து மற்றவர்கள் ஒரு கட்டடம் எழுப்பி, என்னை உள்ளே வைத்துவிட்டார்கள்.

அப்படியானால் உண்மையான காரணம் என்று ஒன்று இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பார்த்தேன். அந்தப் பழைய மென்பொருளுக்குள் யார் எப்போது நுழைந்தார்கள் என்ற பதிவுகளை எடுத்து அடுக்கினேன். வருடம் முழுக்க நுழைந்தது நான்தான். அக்கா சில தடவை. மற்றது எல்லாம் அது உயிரோடு இருக்கிறதா என்று தட்டிப் பார்க்கும் தானியங்கி நிரல், அதுவும் நான் எழுதியது. புதிய மென்பொருளில் இல்லாத கணக்கு ஏதாவது இங்கே பாக்கி இருக்கிறதா என்று இரண்டையும் ஒப்பிட்டேன். ஒன்றும் இல்லை. 'எதற்காவது' வரப்போவதில்லை. இதை எப்போதோ யாராவது ஒருவர் பார்த்திருக்கலாம். அவசரம் இல்லாததால் யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.

நான்காம் கட்டத்தை அழித்துவிட்டு, அந்த இடத்தில் புதிதாக ஒரு டிக்கெட் எழுதினேன்: பழைய மென்பொருளை நிறுத்துதல். ஒப்பிட்டுப் பார்த்த விவரங்களைக் கீழே இணைத்தேன். முடிக்கும் நாள் போட வேண்டிய கட்டத்தில் மூன்றாம் கட்டத்துக்குப் போட்ட நாளுக்கு அடுத்த மாதக் கடைசியைப் போட்டேன். நாள் போட்டால் அது வெள்ளிக்கிழமை தானாகவே வாடிக்கையாளருக்குப் போகும் என்று இந்தத் தடவை எனக்குத் தெரியும். மேனேஜருக்கும் தெரியட்டும் என்று அவர் பெயரையும் டிக்கெட்டில் சேர்த்தேன். ஒளித்துச் செய்ய எனக்கு விருப்பமில்லை.

அக்காவிடம் காட்டினேன். படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"வேலை போச்சுன்னா?"

"போகாதுக்கா. பெஞ்சுல போடுவாங்க." புராஜெக்ட் இல்லாதவர்களை அடுத்தது கிடைக்கும் வரை சும்மா உட்காரவைப்பதற்கு அதுதான் பெயர்.

"பெஞ்சுல போட்டவன் எத்தன பேரு மேல் மாடிக்குப் போயிருக்கான்? எல்லாவனும் வாசல் வழியாத்தான் போயிருக்கான். ஒரு வருசம் பொறுத்துப் பாரேன் பிள்ளே."

"ரெண்டு வருஷம் பொறுத்தாச்சு."

"அதும் சரிதான்" என்று கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். "ஆனா தப்பா எழுதி வச்சிருக்க பாரு, ரெண்டாவது வரியில. திருத்து. அனுப்பதுன்னா ஒழுங்கா அனுப்பு."

திருத்தினேன். மேனேஜர் அந்த வாரம் மின்னஞ்சல் எதையும் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை அறிக்கை போனது. அடுத்த வாரம் வழக்கமான தொலைபேசிக் கூட்டம். சின்ன அறை, நடுவில் ஒலிபெருக்கிக் கருவி, நானும் அவரும். வாடிக்கையாளர் பக்கம் எப்போதும் ஒரே பெண்மணிதான். நிதானமான குரல், பின்னணியில் சில நாட்களில் ஒரு நாய் குரைக்கும். முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு நிறுத்தினார்.

"கடைசி வரி புதிதாக இருக்கிறது. நீங்கள் இணைத்ததை முழுக்கப் படித்தேன். நான் என் மேலிடத்தில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிய வேண்டும். அந்தத் தேதி உறுதியானதா, அல்லது ஒரு உத்தேசமா?"

மேனேஜர் கையை நீட்டிக் கருவியின் ம்யூட் பொத்தானை அழுத்தினார். சிவப்பு விளக்கு எரிந்தது. அவர் கோபமாக இல்லை. களைத்துப் போயிருந்தார்.

"நான் சொல்றதைக் கேளு. மேலே அந்த இடம் போயாச்சு. திங்கட்கிழமையே ஆள் எடுத்துட்டாங்க. உனக்குத் தெரியாதில்ல?"

தெரியாது. அந்த வாரம் நான் மாடிப்படி ஏறவில்லை.

"இது மூடினா உன்னை வைக்க என்கிட்ட இடமில்ல. உத்தேசம்னு சொல்லு. அவங்களும் விட்டுடுவாங்க. பின்னே நாம மெதுவாப் பேசலாம்."

ஒலிபெருக்கியில் அந்தப் பெண்மணி, "கேட்கிறதா?" என்றார். நாய் ஒரு தடவை குரைத்தது. நான் மேலே போவதற்காகத்தான் இதையெல்லாம் செய்தேன். அந்த இடம் இப்போது இல்லை. உத்தேசம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சம்பளம் வரும், அம்மா சந்தோஷப்படுவாள், எந்த டிக்கெட்டும் சிவப்பாகாது. அடுத்த வருடம் இதே அறையில், இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் என்னை எனக்கு மிகத் தெளிவாகத் தெரிந்தது. அப்படி உட்கார்ந்திருப்பவளுக்கு எந்தக் குறையும் இல்லை.

கையை நீட்டி அதே பொத்தானை அழுத்தினேன். சிவப்பு விளக்கு அணைந்தது.

"கேட்கிறது" என்றேன். "உறுதியான தேதிதான்."

நாளையும் மாதத்தையும் சொன்னேன். மேனேஜர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். அந்தப் பெண்மணி, "இன்னொரு முறை சொல்லுங்கள், எழுதிக்கொள்கிறேன்" என்றார்.

இன்னொரு முறை சொன்னேன்.